ஜோதிக் கிழங்கையும் காட்டுக் கிழங்கையும் செல்லோடு செல்லாக இணைத்தால் கருகல் நிற்குமா?

பாலாடா_மேட்டுத்தோட்டம்:

இந்தக் கார்போகத்தில் ஒன்றேகால் ஏக்கர் உருளைக்கிழங்கு போட்டிருந்தேன், எல்லாம் ஜோதி ரகம். மண் அணைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, சாரல் பிடித்துக்கொண்டது. நான்கு நாள் மூடுபனி விலகவே இல்லை. ஐந்தாம் நாள் காலை கீழ்ப்படிக்குப் போனால் இலை ஓரமெல்லாம் வெந்நீர் ஊற்றியது போல் நனைந்து கறுத்திருக்கிறது, திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பூசணம். கருகல் நோய். அடுத்த வாரத்துக்குள் மேல்படி வரை ஏறிவிட்டது. மழை விட்ட நேரம் பார்த்து ஆறு முறை மருந்து அடித்தேன், அத்தனையும் கடனுக்கு வாங்கிய மருந்து. போன வருடம் இதே நிலத்தில் 160 மூட்டை எடுத்தேன். இந்த முறை 52. அதிலும் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கியபோது அழுகல் என்று ஒரு பங்கைத் தனியே ஒதுக்கிவிட்டார்கள்.

நேற்று மகள் கைபேசியில் ஒரு காணொளி காட்டினாள். ஒரே செடியில் மேலே தக்காளி, கீழே உருளைக்கிழங்கு. இரண்டு செடிகளின் செல்லை ஒன்றாக்கி உண்டாக்கியது என்று அதில் சொல்கிறார்கள். எனக்குத் தக்காளி வேண்டாம். நான் கேட்பது இதுதான்: தக்காளியையும் கிழங்கையும் அப்படி இணைக்க முடியும் என்றால், கருகல் வராத காட்டுக் கிழங்கு எங்காவது இருந்தால் அதை ஏன் நம் ஜோதியோடு இணைக்கவில்லை? யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா? நான் பத்தாவது வரை படித்தவன், புரிகிற மாதிரி யாராவது விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

குன்னூர்_திசுக்கூடம்:

அண்ணா, 52 மூட்டை என்று படித்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நான் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள், அதில் நான்கு வருடம் இந்தச் செல் இணைப்பு வேலையே. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் காணொளி. மேலே தக்காளி, கீழே கிழங்கு என்று இப்போது சுற்றுகிற படங்கள் எல்லாமே ஒட்டுச்செடி. கிழங்குத் தண்டின் மேல் தக்காளித் தண்டை ஒட்டியிருப்பார்கள். வாரணாசியில் இருக்கும் இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில்கூட அப்படி ஒட்டியிருக்கிறார்கள், கத்தரியும் தக்காளியும் ஒரே செடியில் காய்க்கிற 'பிரிமேட்டோ'வும் அங்கே செய்ததுதான். ஒட்டுச்செடியில் தக்காளியின் செல் தக்காளியின் செல்லாகவே இருக்கும், கிழங்கின் செல் கிழங்கின் செல்லாகவே இருக்கும். அந்தக் கிழங்கை எடுத்து நட்டால் வெறும் கிழங்குச் செடிதான் வரும்.

செல்லையே இணைத்த தக்காளிக் கிழங்கு வேறு. அதை 1978-இல் ஜெர்மனியின் டூபிங்கனில் கியோர்க் மெல்கெர்ஸும் கூட இருந்தவர்களும் உண்டாக்கினார்கள். இரண்டு செடிகளின் செல்களும் உண்மையிலேயே ஒன்றாகி முழுச் செடியாக வந்தது, ஆனால் சாப்பிடத் தக்க பழமும் இல்லை, உருப்படியான கிழங்கும் இல்லை, விதையும் பிடிக்கவில்லை. உறவு தூரமாகப் போகப் போக இப்படித்தான் ஆகிறது. அதனால்தான் உங்கள் கேள்வி அந்தக் காணொளியை விட நல்ல கேள்வி என்கிறேன். கிழங்கையும் அதன் நெருங்கிய காட்டு உறவையும் இணைப்பதில்தான் உண்மையான பலன் கிடைத்திருக்கிறது, செய்தும் இருக்கிறார்கள். நம் நாட்டிலேயே, சிம்லா மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில். ஊட்டிப் பக்கம் உங்கள் முத்தொரையில் இருப்பது அதன் கிளைதான்.

கேத்தி_பெரியவர்:

தம்பி, உங்களுக்கு வந்த கஷ்டம் எனக்கு மூன்று முறை வந்திருக்கிறது. அம்மாவிடம் ஒரு சந்தேகம் கேட்கிறேன். 1961-இல் இங்கே ஊட்டிப் பக்கம் வேரில் நூற்புழு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள், ஜோன்ஸ் என்ற வெள்ளைக்காரர். கடுகு போல் மஞ்சளாக வேரில் ஒட்டிக்கொண்டிருக்கும் முட்டைக்கூடு. அதற்கப்புறம் இந்த மாவட்டத்து விதைக் கிழங்கு வெளியே போகவே வழியில்லாமல் போனது, விதைக்கு நாம் வடக்கே கையேந்த வேண்டி வந்தது. 1985-இல் 'குஃப்ரி ஸ்வர்ணா' வந்தபோதுதான் மூச்சு விட்டோம். அந்த ரகத்துக்குப் புழுவைத் தாங்கும் குணம் ஒரு காட்டுக் கிழங்கிலிருந்துதான் வந்தது என்று அப்போது நிலையத்து ஐயா ஒருவர் எங்கள் வயலில் நின்று சொன்னார். அது பூவோடு பூ சேர்த்து வந்த ரகம். அப்படிச் சேர்க்க முடிகிறபோது இந்தச் செல் வேலை எதற்கு?

குன்னூர்_திசுக்கூடம்:

ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே சரி. ஸ்வர்ணா என்பது குஃப்ரி ஜோதியோடு வேறொரு கிழங்கைக் கலந்து வந்தது, அந்த இன்னொரு கிழங்கின் வம்சத்தில் 'சொலானம் வெர்னேயி' என்ற காட்டினம் இருக்கிறது. வெர்னேயி நம் கிழங்கோடு மகரந்தம் மூலம் சேரும். அதே மாதிரி 'சொலானம் டெமிஸம்' என்ற மெக்சிகோக் காட்டுக் கிழங்கும் சேரும், உலகத்தில் பழைய கருகல் எதிர்ப்பு ரகங்களுக்கு அதுதான் மூலம். ஜோதி 1968-இல் வெளிவந்தபோது கருகலைத் தாங்கும் ரகம் என்று பெயர் வாங்கியதும் அப்படி வந்த குணத்தால்தான். கருகல் கிருமி மாறிக்கொண்டே இருக்கும், ஜோதியின் பூட்டுக்கு அது சாவி செய்துகொண்டது. இன்று பாலாடா அண்ணன் வயலில் நடந்தது அதன் விளைவு.

சேராத காட்டினங்கள்தான் இங்கே பிரச்சினை. மெக்சிகோவில் 'சொலானம் பல்போகாஸ்டானம்', 'சொலானம் பின்னாடிசெக்டம்' என்று இரண்டு இனங்கள் உண்டு. கருகல் கிருமியும் அந்த நாட்டு மலைகளிலேயே நெடுங்காலமாக இருக்கிறது, அதோடு மல்லுக்கட்டியே வளர்ந்த செடிகள் இவை, இலையில் புள்ளி விழுந்தாலும் பரவ விடாது. நம் கிழங்கின் பூவில் இவற்றின் மகரந்தத்தை எத்தனை முறை தடவினாலும் விதை நிற்காது. ஏன் என்றால், விதைக்குள் கரு ஒன்று, அந்தக் கரு சாப்பிட வேண்டிய சோறு ஒன்று என்று இரண்டு பாகம் இருக்கிறது. அந்தச் சோற்றுப் பாகம் உருவாகத் தாயின் பங்கு இரண்டு, தகப்பனின் பங்கு ஒன்று என்ற கணக்கு பொருந்த வேண்டும். இந்த இரண்டு காட்டினங்களுக்கும் நம் கிழங்குக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. சோறு கெட்டுப்போகும், கரு பட்டினியில் சாகும், காயைப் பிதுக்கினால் சப்பட்டை விதைதான் இருக்கும்.

ஹாலந்தில் இதைப் பூ வழியாகவே சாதித்தவர்கள் உண்டு. பல்போகாஸ்டானத்தை முதலில் வேறொரு காட்டுக் கிழங்கோடு சேர்த்து, அதை இன்னொன்றோடு சேர்த்து, கடைசியில் நம் கிழங்கோடு சேர்த்தார்கள். 'பயோனிகா', 'டொலூகா' என்று இரண்டு ரகம் வந்தன. முதல் கலப்பிலிருந்து ரகம் வெளிவர நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனது. ஐயா, அந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் செல் இணைப்பு. பூவே வேண்டாம், விதையே வேண்டாம், இலைச் செல்லிலிருந்து நேராகத் தொடங்கலாம்.

தோட்டக்கலை_மூன்றாமாண்டு:

அக்கா, இதைப் பரீட்சைக்கு 'உடலக் கலப்பினமாதல்' என்று படித்தேன், கையால் செய்தவர் யாரையும் பார்த்ததில்லை. எங்கள் புத்தகத்தில் ஒரே பத்திதான் இருக்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் எட்வர்ட் காக்கிங் நொதியால் செல் சுவரைக் கரைத்தார், 1972-இல் கார்ல்சனும் குழுவும் இரண்டு புகையிலை இனங்களை இணைத்து முதல் கலப்புச் செடியை உண்டாக்கினார்கள், 1974-இல் காவோ, மிக்கைலுக் என்ற இருவர் பாலி எத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் செல்களை இணைக்கும் என்று கண்டுபிடித்தார்கள். அவ்வளவுதான். நடுவில் என்ன நடக்கிறது, தட்டில் பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள்.

குன்னூர்_திசுக்கூடம்:

சொல்கிறேன், நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை நினைத்தால் எனக்கு இப்போதும் கை பரபரக்கும்.

கண்ணாடிக் குழாயில் கிருமி இல்லாமல் வளர்த்த சின்னச் செடியின் இலையை எடுப்போம். வயலில் வளர்ந்த இலை ஆகாது, கூடவே பாக்டீரியா வந்துவிடும். அந்த இலையைப் பிளேடால் முடி மெல்லிசாகச் சீவி நொதிக் கரைசலில் போட்டு இருட்டில் ஒரு ராத்திரி வைப்போம். ஒரு நொதி செல் சுவரின் செல்லுலோஸைத் தின்னும், இன்னொன்று செல்லோடு செல்லை ஒட்டியிருக்கும் பெக்டினைத் தின்னும். காலையில் மெல்ல ஆட்டினால் தண்ணீர் பச்சையாகிவிடும். நுண்ணோக்கியில் வைத்தால் அதுவரை செங்கல் மாதிரி மூலை மூலையாக இருந்த செல்கள் ஒவ்வொன்றும் உருண்டை உருண்டையாக, உள்ளே இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகம் பச்சைப் பாசிமணி போல ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மிதக்கும். சுவர் போய்விட்டது, மெல்லிய சவ்வு மட்டும் மிச்சம். வெறும் தண்ணீரில் விட்டால் உறிஞ்சி உறிஞ்சி வெடித்துவிடும், அதனால் மானிட்டால் என்ற சர்க்கரை வகையைச் சரியான அளவில் கலந்த கரைசலிலேயே வைத்திருக்க வேண்டும். முதல் வருடம் நான் அந்த அளவைத் தவறாக நிறுத்து ஒரு நாள் முழுவதும் எடுத்த செல்லை ஐந்து நிமிடத்தில் இழந்திருக்கிறேன்.

அப்புறம் இணைப்பு. இரண்டு வழி. ஒன்று, பாலி எத்திலீன் கிளைக்கால் ஊற்றினால் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கால்சியமும் காரமும் கலந்த கரைசலால் கழுவும்போது சவ்வுகள் கரைந்து இரண்டும் ஒன்றாகும். இன்னொன்று மின்சாரம். இரண்டு தகடுகளுக்கு நடுவில் செல்களை விட்டு மாறுமின்சாரம் கொடுத்தால் அவை ஒன்றன்பின் ஒன்றாக மணி கோத்த மாதிரி வரிசை கட்டி நிற்கும். அந்த நேரத்தில் கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகக் குறைவான ஒரு நேர்மின்துடிப்பு கொடுத்தால் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் சவ்வு திறந்து, இரண்டு உருண்டை மெல்ல மெல்ல ஒரு பெரிய உருண்டையாகும். நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்ப்பேன்.

ஆனால் தட்டில் யார் யாரோடு சேர்ந்தார்கள் என்று நம் கையில் இல்லை. கிழங்கோடு கிழங்கு சேரும், காட்டினத்தோடு காட்டினம் சேரும், மூன்று நான்கு சேர்ந்து ஒரே குவியலாகும், பெரும்பாலானவை சேராமலே இருக்கும். நமக்கு வேண்டிய ஒன்றுக்கொன்று ஜோடி கொஞ்சம்தான். அவை சில நாளில் புதுச் சுவர் கட்டிக்கொண்டு பிளக்கத் தொடங்கும், சில வாரத்தில் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகும், அது கேலஸ் என்கிற உருவமில்லாத செல் திரளாகித் தளிர் விட மாதக்கணக்கில் ஆகும். நாங்கள் ஒரு முறை ஐந்து மாதம் வளர்த்த தட்டுகள், வளர்ப்பு அறையில் ஒரு வார இறுதியில் குளிர்சாதனம் நின்றுபோனதால் மொத்தமாக வெந்துபோயின. திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது வந்த புளித்த வாடையை இன்னும் மறக்கவில்லை.

தளிர் வந்த பிறகும் அது கலப்பா என்று மரபணு அடையாளத்தைப் பார்த்து, மரபணுக்கள் அடங்கிய இழைகளான குரோமோசோம்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். இங்கே தம்பிக்கு ஒரு கணக்கு: நம் கிழங்கில் 48 குரோமோசோம். பின்னாடிசெக்டத்தில் 24. அப்படியே இணைத்தால் 72 ஆகிவிடும். அதனால் முதலில் நம் கிழங்கின் மகரந்தப் பையை வளர்த்து 24 குரோமோசோம் உள்ள பாதிச் செடியை எடுத்துக்கொள்வார்கள். சிம்லாவில் 'குஃப்ரி சிப்சோனா-2' ரகத்திலிருந்து அப்படி எடுத்த செடிக்கு 'சி-13' என்று பெயர். அந்த 24-ஓடு காட்டினத்தின் 24 சேர்ந்தால் 48. மறுபடி நம் கிழங்கின் எண்ணிக்கையே வந்துவிடுகிறது, அதனால் பிறகு சாதாரண ரகங்களோடு பூ வழியாகக் கலக்கவும் முடிகிறது. சி-13-ஐ பின்னாடிசெக்டத்தோடு இணைத்தது கருகலுக்காக. சிலி நாட்டு 'சொலானம் எட்யூபரோசம்' என்ற கிழங்கே விடாத காட்டினத்தோடு இணைத்தது கிழங்குச் செடியைத் தாக்கும் ஒய் வைரஸைத் தாங்கும் குணத்துக்காக. இரண்டும் 2010, 2011 வாக்கில் ஆராய்ச்சி இதழ்களில் வந்தன.

கோத்தகிரி_இயற்கை:

எல்லாம் படித்தேன். அக்காவின் உழைப்பை மதிக்கிறேன், ஆனால் என் மறுப்பை நேராகவே சொல்கிறேன். பூவில் நிற்காத கலப்பை மின்சாரம் கொடுத்து நிற்க வைப்பதை நான் விதை வேலை என்று ஏற்க மாட்டேன். பதினான்கு வருடமாக ரசாயனம் இல்லாமல் முட்டைக்கோஸும் பூண்டும் கேரட்டும் போடுகிறேன். எனக்கு இந்த இணைப்பு வேலை அறிமுகமானது கிழங்கால் இல்லை, கோஸால்தான்.

ஜப்பானில் 1968-இல் ஓகுரா என்பவர் மகரந்தமே விடாத ஒரு முள்ளங்கியைக் கண்டார். மகரந்தம் விடாத தாய்ச்செடி இருந்தால் கலப்பு விதை உற்பத்தி மலிவாகும், ஒவ்வொரு பூவாக ஆண் பாகத்தைப் பிடுங்க வேண்டாம். அந்தக் குணம் முள்ளங்கியின் மைட்டோகாண்ட்ரியாவில், அதாவது செல்லுக்குச் சக்தி தரும் சின்ன உறுப்பில், இருக்கிறது. அதைக் கோஸ் குடும்பத்துக்கு மாற்றினார்கள், ஆனால் குளிர் பட்டால் இலை மஞ்சளாகிப் போனது, ஏனென்றால் கூடவே முள்ளங்கியின் பசுங்கணிகமும் வந்துவிட்டது, அதற்குக் கோஸின் உட்கருவோடு ஒத்துப்போகவில்லை. நம் ஊர் டிசம்பர்க் குளிரில் அந்தச் செடி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1983-இல் பிரான்ஸில் பெல்லெட்டியே குழுவினர் செல் இணைப்பு செய்து, மைட்டோகாண்ட்ரியாவில் முள்ளங்கியின் அந்தக் குணம் மட்டும் இருக்க, பசுங்கணிகம் கோஸ் குடும்பத்துடையதாக இருக்கிற செடியைப் பொறுக்கி எடுத்தார்கள். மஞ்சள் போனது. இன்று உலகச் சந்தையில் கோஸ், காலிஃபிளவர், பிரக்கோலி கலப்பின விதைகளில் பல இந்த வழியில் வந்தவை. பையின் மேல் ஒரு வரிகூட இருக்காது. ஐரோப்பாவில் டிமீட்டர் போன்ற இயற்கை வேளாண் அமைப்புகள் இந்த விதையைத் தடை செய்திருக்கின்றன. இங்கே எனக்கு விற்ற கடைக்காரருக்குச் செல் இணைப்பு என்ற சொல்லே தெரியவில்லை.

இன்னொன்று. நம் நாட்டின் 1989 விதிகள், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை, 'மரபணுத் தொழில்நுட்பம்' என்பதன் விளக்கத்துக்குள்ளேயே செல் கலப்பையும் சேர்த்திருக்கின்றன. இயற்கையில் நடக்காத முறையில் இரண்டு செல்லை இணைத்தால் அதுவும் இதில் அடங்கும் என்று எழுதியிருக்கிறது. அப்படி இருக்கும்போது இதைச் சாதாரணக் கலப்பு என்று சொல்லி எங்கள் நிலத்துக்குக் கொண்டுவருவது நியாயமா?

குன்னூர்_திசுக்கூடம்:

தோழர், கோஸ் விஷயத்தில் நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. பையின் மேல் எழுத வேண்டும் என்பதில் நான் முழுக்க உங்கள் பக்கம். விவசாயி என்ன விதைக்கிறான் என்பது அவனுக்குத் தெரிய வேண்டும், அதில் பேரம் கிடையாது. 1989 விதியையும் நீங்கள் சொன்னபடியேதான் நானும் படித்திருக்கிறேன். ஐரோப்பியச் சட்டம் இதை வேறு மாதிரி பார்க்கிறது, சாதாரணப் பயிர்ப் பெருக்க முறைகளாலேயே மரபுப்பொருளைப் பரிமாறிக்கொள்ளக்கூடிய இனங்களின் செல்களை இணைத்தால் மரபணு மாற்றச் சட்டத்திலிருந்து விலக்கு. அந்த விலக்கு சரியா என்று அங்கேயும் இயற்கை விவசாயிகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் இரண்டு வேலையின் நோக்கத்தையும் ஒன்றாகக் கட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மகரந்தமில்லாத கோஸ், விதை உற்பத்தி செய்கிறவருக்கு வசதி. உங்கள் தோட்டத்தில் அதிலிருந்து விதை எடுக்க முடியாது. கிழங்கு அப்படி இல்லை. நல்ல குணம் உள்ள கிழங்கு ஒன்று வந்துவிட்டால் அதை வெட்டி நட்டு நீங்களே பெருக்கிக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுக்கு ஒரு கூடை கொடுக்கலாம். அப்புறம் மருந்து. பாலாடா அண்ணன் ஒரே போகத்தில் ஆறு முறை அடித்திருக்கிறார். அதை அடித்தவர் அவர், அந்தத் தண்ணீர் வழிந்து போவது கீழே இருக்கிற ஓடைக்கு. நீங்கள் பதினான்கு வருடமாக எதை நிறுத்தப் பாடுபடுகிறீர்களோ அதையே நிறுத்த இதுவும் ஒரு வழியாக இருக்கலாம் என்று நான் நம்புகிறேன்.

கோத்தகிரி_இயற்கை:

மருந்து குறையும் என்றால் யோசிக்க வேண்டிய விஷயம்தான், அதை மறுக்கவில்லை. ஆனாலும் என் தோட்டத்துக்குள் வராது. எழுதி விற்கட்டும், வேண்டும் என்கிறவர் வாங்கட்டும், என்னுடையது என் முடிவு.

தாண்டிக்குடி_நிழல்:

நான் பழனி மலைப் பக்கம், கிழங்கு இல்லை, காப்பியும் கமலா ஆரஞ்சும். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தாத்தா காலத்தில் கீழ்ப்பழனி மலை முழுக்கக் கொடை ஆரஞ்சு வாசம் என்பார்கள். நான் பார்க்கும்போதே மரம் மரமாக நுனி காய்ந்து, இலை மஞ்சள் திட்டாகி, பழம் சிறுத்துச் சொத்தையாகிப் போனது. வைரஸ், பச்சை நோய், வேரழுகல் என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள், எல்லாம் சேர்ந்துதான் இருந்தது. எங்கள் நாற்பது மரத்தில் ஏழு மிச்சம்.

ஆரஞ்சிலும் இதே செல் இணைப்பு நடந்திருக்கிறது. 1985-இல் ஜப்பானில் மூவிலை ஆரஞ்சையும் சாத்துக்குடி வகையையும் இணைத்தார்கள். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் ஜூட் குரோஸர் என்பவர் பல வருடமாக நூற்றுக்கணக்கான ஜோடிகளை இணைத்து, ஒட்டுக்கு அடியில் வைக்கும் வேர்ச்செடிக்கு ஆகுமா என்று பார்த்திருக்கிறார். ஆரஞ்சில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: விதையை நட்டால் பெரும்பாலும் தாயின் அச்சே முளைக்கும், ஒரே விதையில் மூன்று நான்கு கன்று வரும், அதனால் பூ வழியாகக் கலந்தாலும் எது கலப்புக் கன்று எது தாயின் நகல் என்று தேடிப் பிடிப்பதே பெரிய பாடு. செல் இணைப்பில் அந்தச் சிக்கல் இல்லை. வேர்ச்செடி என்றால் பழம் எப்படி இருந்தால் என்ன, மேலே ஒட்டுவது நம் கொடை ஆரஞ்சு. அந்தப் பழத்தின் ருசி மாறாமல் வேர் மட்டும் தாங்கினால் போதும். எனக்கு அந்த ஏழு மரம் போவதற்குள் அப்படி ஒரு வேர் கிடைக்க வேண்டும்.

பாலாடா_மேட்டுத்தோட்டம்:

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிவையும் இரண்டு முறை படித்தேன், மகளும் கூட உட்கார்ந்து படித்தாள். அக்கா, இப்போது நேராகக் கேட்கிறேன். 2011-லேயே பின்னாடிசெக்டத்தோடு இணைத்துவிட்டார்கள் என்றால், இத்தனை வருடமாகியும் அந்தக் கிழங்கு ஏன் என் கைக்கு வரவில்லை? எங்கே நிற்கிறது?

குன்னூர்_திசுக்கூடம்:

அண்ணா, நீங்கள் கேட்டிருக்காவிட்டாலும் இதைச் சொல்லியிருப்பேன். இணைத்து வருகிற செடி ரகம் ஆகாது. அது பாலம் மாதிரி. காட்டினத்தின் 24 குரோமோசோமும் முழுதாக உள்ளே வந்துவிடுகிறது, கருகலைத் தாங்கும் குணம் மட்டும் தனியாக வராது. கூடவே கோலிக்குண்டு அளவுக் கிழங்கு, நீளமாக ஓடும் தண்டு, கசப்பு, தாமதமான முதிர்ச்சி எல்லாம் வரும். அதை நல்ல ரகத்தோடு கலந்து, வந்த நாற்றில் கருகல் தாங்குவதைப் பொறுக்கி, மறுபடி கலந்து, மறுபடி பொறுக்கி என்று நான்கைந்து தலைமுறை போக வேண்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் ஆயிரக்கணக்கான நாற்று. சில இணைப்புச் செடி பூவே விடாது, சிலது விட்டாலும் மலட்டு மகரந்தம். அதோடு திசு வளர்ப்பிலேயே சில செடி தானாக மாறிப்போகும், அதையும் கழிக்க வேண்டும்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஹெல்கசன் குழுவினர் பல்போகாஸ்டானத்தைக் கிழங்கோடு இணைத்து 1998-இல் வெளியிட்டார்கள். அந்தச் செடிகளும் அவற்றின் வாரிசுகளும் கருகலை அபாரமாகத் தாங்கின. பிறகு 2003-இல் அதற்குக் காரணமான மரபணுவையே தனியாக அடையாளம் கண்டார்கள், 'ஆர்பி' என்று பெயர். அப்புறம் பலரும் அந்த ஒரு மரபணுவை நேரடியாகச் செலுத்தும் பக்கம் போய்விட்டார்கள். அது கோத்தகிரித் தோழர் கேட்ட கேள்வியை இன்னும் பெரிதாக்கும் வேறு பாதை. எனக்கு அதில் ஒரு கவலை உண்டு, ஜோதிக்கு நடந்ததுதான் அந்தக் கவலை. ஒரே பூட்டுப் போட்டால் கருகல் கிருமி ஒரே சாவி செய்தால் போதும். செல் இணைப்பில் காட்டினத்தின் பல குணங்கள் கூட்டமாக வருகின்றன, நாம் இன்னும் பெயர் வைக்காத குணங்களும் வருகின்றன. அவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்தே பொறுக்கி எடுத்தால் அது நெடுநாள் நிற்கும் என்பது என் எண்ணம். அந்தப் பொறுக்கும் வேலைக்கு நம் மலையை விடப் பொருத்தமான இடம் எது? வருடத்தில் மூன்று போகம் கிழங்கு நிற்கிறது, கருகல் கிருமி விலகுவதே இல்லை. ஒரு நாற்று முத்தொரைச் சாரலில் பிழைத்தது என்றால் அது உண்மையிலேயே தாங்கும் நாற்று.

உங்கள் கைக்கு எப்போது வரும் என்று ஒரு வருடத்தைச் சொல்லி ஆசை காட்ட மாட்டேன். ஆனால் அடுத்த முறை நிலையத்தில் வயல் விழாவோ விவசாயிகள் கூட்டமோ நடந்தால் போய்க் கேளுங்கள்: பின்னாடிசெக்டம் வழி வந்த நாற்றுகளை இங்கே போட்டுப் பார்த்தீர்களா, எங்களையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள் என்று. விவசாயி கேட்டால்தான் அந்த வேலை மேலே வரும். கூடத்தில் இருந்த நாளில் எங்களிடம் அப்படி வந்து கேட்டவர் ஒருவர்கூட இல்லை. யாராவது கேட்டிருந்தால் நாங்கள் இன்னும் வேகமாக ஓடியிருப்போம்.

கேத்தி_பெரியவர்:

நல்லது அம்மா. தம்பிக்கு இந்தப் போகத்துக்கு நான் சொல்கிறேன். ஜோதியை மட்டும் நம்பாதீர்கள். 'குஃப்ரி கிர்தாரி' மலைக்கு நன்றாகக் கருகல் தாங்கும், 'குஃப்ரி சஹ்யாத்ரி' நம் மலைக்கென்றே வந்தது, நூற்புழுவையும் பார்த்துக்கொள்ளும். மண்டியில் நிறம் கேட்பார்கள், வடிவம் கேட்பார்கள், அதனால் முழுவதும் மாற்ற வேண்டாம், கால் ஏக்கரில் தொடங்குங்கள். போன போகத்தில் மண்ணில் தவறி நின்ற கிழங்கு முளைத்திருந்தால் இன்றே பிடுங்கிப் புதையுங்கள், கருகல் முதலில் அதில்தான் குடியிருக்கும். அழுகலை ஓடைக் கரையில் கொட்டாதீர்கள். கீழ்ப்படியில் பனி தங்கும், அங்கே கிழங்கை விட்டுவிட்டுக் கேரட் போடுங்கள்.

தோட்டக்கலை_மூன்றாமாண்டு:

அக்கா, எனக்கு அடுத்த வருடம் செயல்முறைத் திட்டம் எடுக்க வேண்டும். செல் சுவர் கரைக்கிற வரைக்குமாவது செய்து பார்க்க ஆசை. கண்ணாடிக் குழாய்க் கிழங்குச் செடி எங்கள் கூடத்தில் இருக்கிறது. மானிட்டால் அளவு எவ்வளவு வைத்தீர்கள் என்று சொல்வீர்களா?

குன்னூர்_திசுக்கூடம்:

தனிச்செய்தி அனுப்பு தம்பி, என் பழைய நோட்டைத் தேடி எடுத்து எழுதுகிறேன். ஒன்று மட்டும் இப்போதே சொல்கிறேன், இலையை எடுப்பதற்கு முன் செடியை ஒரு நாளாவது இருட்டில் வை. இலையில் மாவுச்சத்து அதிகமாக இருந்தால் சுழற்றும்போது செல்லைக் கிழித்துவிடும்.

பாலாடா_மேட்டுத்தோட்டம்:

பெரியவர் சொன்னபடி இன்று காலை கீழ்ப்படி முழுக்கத் தேடினேன், தானாக முளைத்தது பதினேழு செடி இருந்தது, மூன்றில் கருகல் புள்ளியும் இருந்தது. பிடுங்கி ஆழமாகப் புதைத்துவிட்டேன். நிலையத்துக்கு வருகிற புதன்கிழமை போகிறேன், மகள் பின்னாடிசெக்டம் என்ற பெயரை ஒரு தாளில் பெரிதாக எழுதித் தந்திருக்கிறாள். கேத்தியிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் யாராவது கூட வந்தால் நன்றாக இருக்கும். கோத்தகிரி அண்ணா, நீங்களும் வாருங்கள், பையின் மேல் எழுத வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம். பாலாடா பேருந்து நிறுத்தத்தில் காலை பத்து மணிக்கு நிற்கிறேன்.

கோத்தகிரி_இயற்கை:

வருகிறேன்.